பழைய கதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள்: ஃபின் யூலை அடையாளம் காணும் வழி

பழைய டெனிஷ் கதிரை ஒன்று கண்ணில் பட்டால் உடனே போய் இருந்து பார்க்காதீர்கள். கவிழ்த்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். யார் செய்தது, ஏறத்தாழ எந்த வருடம், இடையில் யார் யார் கைவைத்தார்கள் என்பதெல்லாம் அடிப்பக்கத்தில்தான் தெரியும்.

நான் டென்மார்க்கின் மேற்குப் பக்கத்தில் குஷன் வேலை செய்கிறவன். பழைய கதிரை, சோபாக்களின் துணியைக் கழற்றி, உள்ளே உக்கிப் போனதை எடுத்துவிட்டு, திரும்பக் கட்டிக் கொடுப்பது தொழில். சனிக்கிழமையென்றால் போன் அடிக்கும். மச்சானோ, கோயிலில் பழக்கமான பெடியன் ஒருவனோ பழைய சாமான் சந்தையில் நின்றபடி படம் அனுப்பிவிட்டு, "அண்ணை, இது அந்த ஃபின் யூலின்ர கதிரையோ? எடுக்கட்டோ?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் இல்லை. எப்போதாவது ஆம். போனில் அவசரத்தில் விளங்கப்படுத்த முடியாததை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டெனிஷ் தளபாட வடிவமைப்பாளரான ஃபின் யூல் தச்சுவேலை பழகியவர் கிடையாது. அவர் காலத்து மற்றப் பெரிய ஆளான ஹான்ஸ் வெக்னர் சின்ன வயதிலேயே பட்டறையில் நின்று தொழில் பழகியவர். ஃபின் யூல் கட்டடக்கலை படித்தவர், படம் வரைகிறவர். அதனால் அவருடைய ஒவ்வொரு கதிரையும் இரண்டு பேருடையது. கோடு அவருடையது, கை வேறொருவருடையது. அந்தக் கை யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டால் காலம், விலை, எந்த இடத்தில் உடையும் என்பது வரைக்கும் தானாக வந்துவிடும். அவர் யார் யாரோடு எந்தெந்த வருடங்களில் வேலை செய்தார் என்று தெரிந்திருக்க வேண்டியது அதற்காகத்தான்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம்

1912-இல் கொப்பன்ஹேகனை ஒட்டிய ஃபிரெடெரிக்ஸ்பெர்க்கில் பிறந்தார். தகப்பன் துணி மொத்த வியாபாரி. தாய், பிள்ளை பிறந்து சில நாட்களிலேயே இறந்துவிட்டார். பெடியனுக்குக் கலை வரலாறு படிக்க ஆசை, பள்ளிக்கூட வயதிலேயே ஓவிய, சிற்பக் காட்சியகங்களில் போய்க் கிடப்பானாம். அதில் சோறு வராது என்று தகப்பன் மறித்து, 1930-இல் கட்டடக்கலைப் பள்ளிக்கு அனுப்பினார். எங்கள் வீடுகளில் நடக்கிற அதே கதைதான்.

அங்கே கை ஃபிஸ்கர் என்ற பேராசிரியரிடம் படித்தார். 1934-இல் வில்ஹெல்ம் லவ்ரிட்சன் என்ற கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், அங்கேயே பதினொரு வருடம் இருந்துவிட்டார். படிப்பை முடித்துப் பட்டம் வாங்கவே இல்லை. டெனிஷ் வானொலி நிலையக் கட்டடத்தின் உட்பகுதி வேலையில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று அந்தக் கட்டடத்தில் அரச இசைக் கல்லூரி இயங்குகிறது.

தளபாடம் வரையத் தொடங்கியது தன் வீட்டுத் தேவைக்கு. அப்போது டென்மார்க்கில் கதிரை என்றால் கோர கிளிண்ட் சொன்னதுதான் சட்டம். 1924-இலிருந்து கலைக்கழகத்தில் தளபாடப் பாடத்தை வழிநடத்தியவர் அவர். மனித உடம்பை அள, வீட்டிலுள்ள கோப்பை, சட்டை எல்லாவற்றையும் அள, பழைய நல்ல மாதிரிகளை எடுத்துத் திருத்து என்பது அவருடைய முறை. ஃபின் யூல் அந்தப் பக்கமே போகவில்லை. ஹான்ஸ் ஆர்ப், ஹென்றி மூர் போன்ற சிற்பிகளைப் பார்த்துக் கதிரை வரைந்தார். 1940-இல் 'பெலிக்கன்' என்று ஒரு குண்டுக் கதிரையைக் காட்சிக்கு வைத்தபோது, களைத்துப்போன கடல்யானை என்று விமர்சகர்கள் நக்கலடித்தார்கள்.

மேலோட்டமாகப் பார்க்கும்போது

சரி, கதிரைக்கு வருவோம். கவிழ்க்க முன்னர் ஒரு தரம் சுற்றி வாருங்கள். பக்கவாட்டில் குந்தியிருந்து, உங்கள் கண் இருக்கையின் மட்டத்துக்கு வரும்படி பாருங்கள். 1940-களின் நடுவிலிருந்து ஃபின் யூல் செய்த மரக்கை வைத்த கதிரைகளில், குஷன் போட்ட பகுதியும் மரச்சட்டமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்காது. இருக்கை சட்டத்துக்குள் அமர்ந்திருக்காமல், ஓரிரு குறுக்குச் சட்டங்களில் மட்டும் தொட்டுக்கொண்டு மிதக்கும். இடையில் விரலை விட்டுப் பார்க்கலாம், வெளிச்சம் வரும். 1945-இல் வந்த '45' கதிரை இதற்கு நல்ல உதாரணம். தாங்குகிறதும் தாங்கப்படுகிறதும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டுவது அவருக்குப் பிடித்த விளையாட்டு. அந்த இடைவெளி இல்லாத கதிரையெல்லாம் அவருடையது இல்லை என்று சொல்லமாட்டேன். பெலிக்கனும் 'கவிஞர்' சோபாவும் முழுக்கத் துணி போர்த்தவை. ஆனால் மரக்கை வைத்த கதிரையில் அந்த வெளிச்சம் தெரியவில்லை என்றால் சந்தேகப்படத் தொடங்கலாம்.

அடுத்தது கைப்பிடி. இதில்தான் நான் அதிக நேரம் நிற்பேன். கண்ணை மூடிக்கொண்டு, முன் நுனியிலிருந்து பின்னுக்கு விரலை மெதுவாக இழுத்துப் பாருங்கள். உள்ளங்கை தங்குகிற இடத்தில் மரம் அகலமாகத் தட்டையாக இருக்கும். பிறகு முகம் சரியும். விளிம்பு மெலிந்து மெலிந்து கடிதம் பிரிக்கிற கத்திபோல ஆகும். கால் வந்து சேரும் இடத்தில், பொருத்துக்குத் தேவையான தடிப்பு, எங்கே தொடங்கியது என்று விரலுக்குத் தெரியாமலே திரும்ப வந்திருக்கும். ஒரே தடிப்பு, ஒரே வளைவு எங்கேயும் கிடையாது. மலிவுப் பிரதிகளில் ரவுட்டர் என்ற மரம் செதுக்கும் மெஷின் ஓடிய விளிம்பு சுற்றிவர ஒரே அளவில் உருண்டிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம், விரல் ஏமாறாது.

இப்படி ஒரு கைப்பிடியைக் காகிதத்தில் நீர்வர்ணத்தில் வரைவது ஒரு வேலை, மரத்தில் எடுப்பது இன்னொரு வேலை. மரம் நார் ஓடும் திசையில் பலம், குறுக்கே பலவீனம். ஃபின் யூல் அந்தத் திசையைப் பெரிதாகக் கவனிக்காமல் வரைந்துவிடுவார். அதை உடையாமல் நிற்கவைத்தவர் தச்சர் நீல்ஸ் வோடர். அவருடைய பெயரோடுதான் அடிப்பக்கத்துக்குப் போக வேண்டும்.

அடிப்பக்கத்தில் தேட வேண்டியது

இருக்கைச் சட்டத்தின் உள்முகம், பின் குறுக்குச் சட்டத்தின் கீழ்ப்பக்கம், இந்த இரண்டையும் டோர்ச் லைட் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டாகச் சாய்த்து அடித்தால் அழிந்துபோன எழுத்தும் நிழலில் தெரியும்.

மரத்தில் சுட்டுப் பதித்த எழுத்தில் நீல்ஸ் வோடர், கொப்பன்ஹேகன், டென்மார்க் என்றும், கூடவே வடிவமைப்பு ஃபின் யூல் என்றும் இருந்தால், கதிரையை மெதுவாக நிமிர்த்தி வைத்துவிட்டு மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள். 1937-இலிருந்து 1959 வரை இவர்கள் இருவரும் சேர்ந்து கொப்பன்ஹேகன் தச்சர் சங்கக் கண்காட்சிக்குக் கொண்டுபோனவைதான் இன்று பெரிய காசுக்குப் போகிறவை. சின்னப் பட்டறை, கை வேலை, எண்ணிக்கை குறைவு. பெலிக்கன் அந்தக் காலத்தில் மிகச் சிலவே செய்யப்பட்டது. ஆகவே பழைய சாமான் சந்தையில் பெலிக்கன் நின்றால் அது பிற்காலத்தில் செய்யப்பட்டது, இல்லாவிட்டால் கள்ளப் பிரதி.

இந்தக் கூட்டில் உச்சம் 1949-இல் வந்த 'தலைவன்' கதிரை. ஒரு மீற்றர் அகலம், குதிரைச் சேணம்போல விரிந்த, தோல் போர்த்த இரண்டு கைகள். அந்த வருடக் கண்காட்சித் திறப்பில் அரசர் ஒன்பதாம் ஃபிரெடெரிக் அதில் போய் இருந்துவிட்டார். அப்படியென்றால் 'அரசர் கதிரை' என்று பெயர் வைக்கலாமே என்று ஒரு பத்திரிகையாளர் சொல்ல, தலைவன் என்பதே போதும் என்று ஃபின் யூல் மறுத்தாராம். அதே கண்காட்சியில் பழங்குடிகளின் ஆயுதங்கள், கருவிகளின் படங்களைப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார். வோடர் பட்டறையில் அந்தக் கதிரை மொத்தம் 78 அளவில்தான் செய்யப்பட்டது என்பது தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு. தலைவன் என்று சொல்லி யாராவது ஒன்றை நல்ல விலைக்குத் தள்ளப் பார்த்தால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

வோடர் செய்த சாப்பாட்டு மேசை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'யூதாஸ்' மேசை என்று பெயர். மேற்பலகையில் சின்ன வட்ட வெள்ளித் துண்டுகள் பதித்திருக்கும். இணைப்புப் பலகைகளையும் போட்டு எண்ணினால் முப்பது வரும். பைபிள் தெரிந்தவர்களுக்குப் பெயர்க் காரணம் விளங்கும். கதிரைகள் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கான அடையாளமும் அந்த வெள்ளிகள்தான்.

சுட்ட எழுத்து இல்லாமல் சின்ன உலோக வில்லை அடித்திருந்தால் அது பெரும்பாலும் தொழிற்சாலைக் கதிரை. இதில் நம்மவர் கையில் அதிகம் அகப்படுவது 'ஃபிரான்ஸ் அண்ட் டவர்கோசன்', 1957-க்குப் பிறகு 'ஃபிரான்ஸ் அண்ட் சன்'. பெயரில் உள்ள ஃபிரான்ஸ் ஒரு ஆங்கிலேயர். மெத்தை செய்யும் தொழிற்சாலையாகத் தொடங்கியது, பிறகு தேக்குத் தளபாடத்துக்கு மாறியது. தேக்கு சாதாரண வாள்களை மொட்டையாக்கிவிடும் மரம். கடின உலோக நுனி வைத்த வாள்களைக் கொண்டுவந்து அதை மெஷினில் அறுக்க வழிபண்ணியவர்களில் இவர்களும் உண்டு. கழற்றிப் பெட்டியில் அடைத்து அமெரிக்காவுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். கைப்பிடி மண்வெட்டித் தகடுபோல் விரிகிற 133-ஆம் இலக்கக் கதிரை இவர்களுடையதுதான். மெத்தைக்காரர்கள் என்பதால் குஷனுக்குள் கம்பிச் சுருள் வைத்திருப்பார்கள். குஷனை அமத்தினால் உள்ளே சுருள் இருப்பது கைக்குத் தெரியும். தெரியாவிட்டால் யாரோ பிற்காலத்தில் மாற்றியிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் வீட்டில் வைத்து இருக்க வாங்குவதென்றால் இதைத்தான் வாங்க வேண்டும். சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். மெஷின் கைப்பிடி வோடர் கைப்பிடிபோல் வராது என்பது உண்மை. ஆனால் பொருத்துகள் உறுதி, உதிரி குஷன் தைப்பது சுலபம், பிள்ளைகள் ஏறிக் குதித்தாலும் நிற்கும்.

'போவிர்க்க' என்று முத்திரை இருந்தால் அதுவும் கொப்பன்ஹேகன்தான், வோடருக்கும் ஃபிரான்சுக்கும் நடுத்தரமான இடம். 1953-இல் வந்த 'வாசிப்புக் கதிரை' இவர்களுக்காகச் செய்தது. முதுகுச் சட்டத்தின் மேல்பகுதி அகலமாக இருப்பதால் திரும்பிக் குந்தி அதில் கையை ஊன்றலாம். பக்கவாட்டில் இருந்து கதைப்பதற்கும் சுகம். உருக்குக் கால் வைத்த மேசைகள் சிலவும் இவர்களுக்கு வரைந்தவையே.

'பேக்கர்' என்ற பெயர் இருந்தால் கதிரை அமெரிக்காவில் செய்யப்பட்டது. இதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் எட்கர் காஃப்மன் இளையவர். அருவிக்கு மேலே கட்டப்பட்ட 'ஃபாலிங்வாட்டர்' என்ற புகழ்பெற்ற அமெரிக்க வீட்டுக்காரரின் மகன். 1948-இல் ஸ்கண்டிநேவியாவைச் சுற்றிப் பார்த்தவர், ஃபின் யூலின் வேலையைக் கண்டு மயங்கி, அமெரிக்கச் சஞ்சிகையில் எழுதினார். மிச்சிகன் மாநிலத்து பேக்கர் நிறுவனம் அதுவரை பழைய ஆங்கிலப் பாணித் தளபாடங்களுக்குப் பேர்போனது. 1951-இலிருந்து ஃபின் யூல் வரைந்ததைச் செய்யத் தொடங்கியது. வால்நட் மரம் அதிகம். நீளம் அகலம் அமெரிக்க வீட்டுக்கு ஏற்றபடி கொஞ்சம் தாராளமாக இருக்கும்.

கடைசியாக, புதுக் கதிரை. 1960-களில் பிளாஸ்டிக் மோகம் வந்தபோது ஃபின் யூலை உலகம் ஓரம்கட்டிவிட்டது. 1989-இல் அவர் இறந்தபோது வெளியே பேச்சு அதிகம் இல்லை. 1998-இல் ஒரு கண்காட்சிக்காக அவருடைய 1957-ஆம் ஆண்டுச் சோபாவைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று அவருடைய துணைவி ஹன்ன வில்ஹெல்ம் ஹான்சன் கேட்டார். மேற்குக் கரையில் ரிங்கொபிங் என்ற ஊரில் இருந்த இரண்டு பேரின் நிறுவனம் அதைச் செய்து கொடுத்தது. 2001-இல் முழு உரிமையையும் அவர்களிடமே கொடுத்தார். இன்று 'ஹவுஸ் ஒஃப் ஃபின் யூல்' என்ற பெயரில் வருபவை எல்லாம் அவர்களுடையவை. இவை கள்ளப் பிரதிகளில் சேராது, முறைப்படி உரிமம் பெற்றவை. பழையதென்று சொல்லி யாராவது பழைய விலைக்கு விற்றால் மட்டும்தான் பிரச்சினை.

எந்த முத்திரையும் இல்லையா? முத்திரை அழிந்த நல்ல கதிரையும் உண்டு. அப்போது பொருத்தையும் கைப்பிடியையும் வைத்துத்தான் சொல்ல வேண்டும். தெரிந்தவரிடம் காட்டுங்கள், அல்லது ஏல நிறுவனத்துக்குப் படம் அனுப்புங்கள். நீங்களாக முடிவுகட்டிக் காசைக் கொடுக்காதீர்கள்.

பொருத்தும் பசையும்

கதிரையைச் சமமான தரையில் வைத்து, இரண்டு கைப்பிடியையும் பிடித்து, ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் மெதுவாகத் திருகுங்கள். சத்தம் வந்தால் பசை விட்டுவிட்டது. பின்காலும் கைப்பிடியும் சந்திக்கும் இடத்தில் நகத்தை வைத்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்பு தட்டுப்படும். வோடர் கதிரைகளில் இந்த இடம்தான் முதலில் களைக்கும். அழகுக்காகக் கழுந்தை, அதாவது மற்ற மரத்தின் குழிக்குள் இறங்கும் நாக்கை, மெலிதாக எடுத்ததற்கு அது கொடுக்கும் விலை.

பசை விட்டதற்காகக் கதிரையை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. பழைய தச்சர்கள் பாவித்த வச்சிரம் (விலங்குத் தோல், எலும்பு காய்ச்சிய பசை), சூடும் ஈரமும் பட்டால் இளகும். கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப ஒட்டலாம். பயப்பட வேண்டியது இடையில் ஒருவர் நல்லெண்ணத்தில் எபொக்சி பசை ஊற்றியிருந்தால், இல்லாவிட்டால் மரத்துக்குள் இருப்புத் திருகாணி முடுக்கியிருந்தால். அதைக் கழற்றப் போனால் கழுந்தே பிய்ந்து வரும். மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்த வட்டப் புள்ளி எங்கேயாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குள்தான் ஆணி ஒளிந்திருக்கும்.

துணிக்கு உள்ளே

இது என் தொழில், கொஞ்சம் நீட்டுவேன்.

முழுக்க குஷன் போட்ட பழைய வோடர் கதிரைகளின் உள்ளே சணல் நாடா, சாக்குத்துணி, நார், அதற்கு மேல் சுருட்டிய குதிரைமயிர், அதற்கு மேல் பஞ்சுத் தகடு என்று அடுக்கடுக்காக இருக்கும். குதிரைமயிரை ஊசி நூலால் குத்திக் குத்தி, விளிம்பை இறுக்கி, உருவம் எடுப்பார்கள். அந்த உருவம்தான் ஃபின் யூலின் சிற்பம். மரம் பாதி, இது பாதி.

ஒரு அம்மா தன் தகப்பன் வைத்திருந்த கதிரையைக் கொண்டுவந்தார். எப்போதோ யாரோ உள்ளே இருந்த எல்லாவற்றையும் எறிந்துவிட்டு ஸ்பொஞ்ச் துண்டுகளை வெட்டி ஒட்டியிருந்தார்கள். முதுகின் விளிம்பு கூராக மெலிந்து முடிய வேண்டிய இடத்தில் பொங்கிப்போய் நின்றது. மரம் ஒன்று சொல்கிறது, துணி இன்னொன்று சொல்கிறது. பழைய படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மயிரை மறுபடி கட்டி அந்த விளிம்பை எடுத்த பிறகுதான் கைப்பிடி ஏன் அந்த இடத்தில் திரும்புகிறது என்று எனக்கே விளங்கியது. இரண்டு வளைவும் ஒரே கோட்டின் தொடர்ச்சி.

ஆகவே வாங்கும்போது அடித்துணியின் ஒரு மூலையை, விற்பவரைக் கேட்டுவிட்டு, கொஞ்சம் நெம்பிப் பாருங்கள். மயிரும் நாரும் தெரிந்தால் நல்லது, நாறினாலும் நல்லது. மஞ்சள் ஸ்பொஞ்ச் தூளாகக் கொட்டினால் செலவு இருக்கிறது என்று விலையில் கழியுங்கள். ரப்பர் பட்டி போட்ட தொழிற்சாலைக் கதிரையென்றால் பட்டியை விரலால் இழுங்கள். இழுபடாமல் வெடித்தால் மாற்ற வேண்டும், அது பெரிய செலவில்லை.

பழைய தோலை மட்டும் அவசரப்பட்டு உரிக்காதீர்கள். வெடித்து, கறுத்து, முழங்கை பட்ட இடத்தில் பளபளப்பாக இருந்தாலும் முதல் தோல் இருந்தால் அதற்குத் தனி விலை. அதை எறிந்துவிட்டுப் புதுத் தோல் போட்ட தலைவன் கதிரைக்குப் பெறுமதி குறைந்துவிடும். என்னிடம் வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன், வேலை போனாலும் பரவாயில்லை.

மரமும் சட்டமும்

தேக்கு, வால்நட், மஹோகனி, மேப்பிள் எல்லாம் பாவித்தார். டெனிஷ் தளபாடத்துக்குத் தேக்கைக் கொண்டுவந்த முன்னோடிகளில் அவரும் வோடரும் உண்டு. தேக்கு, வால்நட்டில் சிக்கல் இல்லை. ஊதாக் கறுப்பில் கோடோடும் பிரேசில் ரோஸ்வுட் என்றால் நில்லுங்கள். அந்த மரம் 1992-இலிருந்து உலகளாவிய வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளே விற்பதற்கும் சான்றிதழ் வேண்டும். 1947-க்கு முன் செய்யப்பட்டதற்குச் சலுகை உண்டு, ஆனால் ஃபின் யூலின் பெரும்பாலான கதிரைகள் அதற்குப் பிந்தியவை. சான்றிதழ் இல்லாமல் வாங்கி, லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ உறவுக்காரருக்கு அனுப்பப் போனால் சுங்கத்தில் பறிபோகும்.

உண்மையானதைப் பார்த்துக் கண்ணைப் பழக்க

படத்தைப் பார்த்துக் கைப்பிடி பழகாது. கொப்பன்ஹேகனில் பிரெட்கேட் தெருவிலுள்ள டென்மார்க் வடிவமைப்பு அருங்காட்சியகத்தில் கதிரைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு முழு மத்தியானம் ஒதுக்குங்கள்.

அதைவிட நான் போகச் சொல்வது அவருடைய வீட்டுக்கு. நகரத்துக்கு வடக்கே ஓட்ரப்பில், 1942-இல், தகப்பன் விட்டுப்போன காசில் தனக்கென்று கட்டியது. வெளியே பார்த்தால் வெள்ளைச் சுவர், சாதாரண வீடு. உள்ளே போனால்தான் ஆள் தெரிவார். ஒரு அறையில் நின்றால் அடுத்த அறையும் அதற்கு அப்பால் தோட்டமும் தெரியும். மேற்கூரையின் உட்பக்கத்துக்கு இளமஞ்சள் அடித்திருக்கிறார், கூடாரத் துணிக்குக் கீழே இருக்கிற வெளிச்சம் வரவேண்டும் என்று. கதிரைகளைத் தனியாகப் பார்த்தபோது கொஞ்சம் ஆடம்பரமாகத் தெரிந்தவை அங்கே அடக்கமாக இருக்கும், ஏனென்றால் அவற்றுக்கு அளந்த அறை அது. ஹன்ன 2003-இல் இறக்கும்வரை அங்கேதான் வாழ்ந்தார். 2008-இலிருந்து பக்கத்திலுள்ள ஓட்ரப்கோர்ட் அருங்காட்சியகத்தின் பகுதியாகப் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. எல்லா நாளும் திறப்பதில்லை, பார்த்துவிட்டுப் போங்கள். ஜப்பானில் தகாயாமா என்ற ஊரில் இந்த வீட்டை அப்படியே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஜப்பான்காரருக்கு அவர்மேல் அப்படி ஒரு பிரியம்.

நியூயோர்க்கில் இருப்பவர்கள் ஐநா தலைமையகத்துக்குச் சுற்றுலாச் சீட்டெடுத்துப் போகலாம். அங்கே மூன்று சபை மண்டபங்கள் மூன்று நோர்டிக் நாட்டவர் கைவண்ணம். பாதுகாப்புச் சபை நோர்வேயின் ஆர்ன்ஸ்டைன் ஆர்னெபெர்க், பொருளாதார சமூக சபை சுவீடனின் ஸ்வென் மார்கேலியஸ், பொறுப்பாட்சிச் சபை ஃபின் யூல். 1952-இல் முடிந்த வேலை. சுவரெல்லாம் ஆஷ் மரக் கீலங்கள், கூரையில் வர்ணப் பெட்டிகள், அதற்குள் விளக்கு. நாற்பது வயது ஆகிற ஒருவருக்கு டென்மார்க் கொடுத்த பெரிய பொறுப்பு அது. அந்தச் சபை மேற்பார்வை செய்த கடைசிப் பிரதேசமான பலாவு தீவு 1994-இல் சுதந்திரம் பெற்றதோடு அந்தச் சபைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அறை மட்டும் பழுது பார்க்கப்பட்டு 2013-இல் திரும்பத் திறந்தது. இதற்குப் பிறகுதான் விமானக் கம்பனியான எஸ்ஏஎஸ், ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருந்த தன் டிக்கெட் அலுவலகங்களையும் டிசி-8 விமானத்தின் உட்புறத்தையும் அவரிடம் கொடுத்தது.

காசு கொடுக்க முன்னும் பின்னும்

ஃபின் யூல் இறந்தது 1989. டெனிஷ் பதிப்புரிமைச் சட்டப்படி இறந்து எழுபது வருடம், அதாவது 2059 முடியும்வரை, அவருடைய வடிவங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. இணையத்தில் 'ஃபின் யூல் பாணி' என்று பத்தில் ஒரு விலைக்குப் போடுவதெல்லாம் அனுமதியில்லாத பிரதி. விற்கிறவர் பழையதென்று சொன்னால் எங்கே வாங்கியது, ரசீது இருக்கிறதா, வீட்டில் நின்ற பழைய குடும்பப் படம் ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல மனிதருக்கு இந்தக் கேள்விகளில் கோபம் வராது. முத்திரை உள்ள இடத்தை நீங்களே படம் எடுங்கள், அவர் அனுப்பும் படத்தை நம்பி முற்பணம் போடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு வார்னிஷ் அடிக்க வேண்டாம். தேக்குக்கு வருடத்தில் ஒரு தரம் மெல்லிய எண்ணெய், நன்றாகத் துடைத்துவிட வேண்டும். ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தால் குளிர்காலத்தில் பொருத்து காய்ந்து பிரியும்.

தூக்கும்போது இரண்டு கைப்பிடியையும் பிடித்துத் தூக்குவதுதான் எல்லாரும் செய்வது, கையும் தானாக அங்கேதான் போகும். அந்த மெலிந்த கழுந்தில் முழுப் பாரமும் விழும். இருக்கைக்குக் கீழேயுள்ள சட்டத்தில், ஆளுக்கு ஒரு பக்கமாக, இரண்டு பேர் பிடியுங்கள். வானுக்குள் ஏற்றும்போது கால் மேலே இருக்கும்படி தலைகீழாக, கீழே தடித்த போர்வை விரித்து வைத்து, பட்டியைச் சட்டத்தில் கட்டுங்கள். கைப்பிடியில் கட்ட வேண்டாம்.